இருபது பவுண்டு

முள் பொய் சொல்லவில்லை.
எண்ணூர் சாலையில், கன்டெய்னர் வரிசைக்கு நடுவே,
அறுபதிலிருந்து பூஜ்யத்துக்கு
அது ஒழுங்காகத்தான் இறங்கி வந்தது.
பார்க்க வேண்டிய கண்
முன்னால் போன லாரியின் பின்சக்கரத்தில் இருந்தது.

கிராங்க் போச்சு, பேரிங் போச்சு,
மண்ணடி க்ளியரிங் ஆபீஸில் இம்தாதுல்லா
ரெண்டு வருஷமாய்ச் சேர்த்ததும் போச்சு.
பதினொரு வாரம் டென்சில் பட்டறையில் கிடந்து
மறுபடி எழுந்தது அந்த ரெண்டு சீட்டு வண்டி.
அப்புறம் என்னிடம் வந்தான்:
"செலின்க்கா, ஒரு லைட்டு போட்டுக் குடுங்க.
நான் அதப் பாக்கலேன்னாலும்
அது என்னப் பாக்கணும்."

ஒரு சுவிட்ச், ஒரு ஒயர், சிவப்பு மூடி போட்ட பல்பு.
டீ ஆறுவதற்குள் முடியும் என்று நினைத்தேன்.

மரை சேரவில்லை.
கடைக்காரன் தந்தது அங்குலத்துக்கு இருபத்தேழு புரி,
இன்ஜினில் இருப்பது இருபத்தெட்டு.
ரெண்டு சுற்று அன்பாக ஏறும்,
மூன்றாவதில் மென்னியைப் பிடிக்கும்.
முறுக்கினால் ஏறாமலா போகும்?
ஏறும், பிளாக்கைத் தின்றுகொண்டே.

லிங்கிச் செட்டித் தெருவில் நாலு கடை ஏறி
பித்தளையில் ஒரு மூன்று கை இணைப்பு வாங்கினேன்.
ஒரு கை இன்ஜினுக்கு, ஒன்று முள்ளுக்கு,
ஒன்று விளக்குக்கு.
ஒழுகிவிடக் கூடாதே என்று
வெள்ளை டேப்பை ஆறு சுற்று சுற்றினேன்.

சாவியைத் திருப்பினோம். இருட்டு.
டென்சில் பல்பை மாற்றினார். இருட்டு.
ஃபியூஸ், ஒயர், மறுபடி பல்பு.
அரைமணி கழித்துத்தான் உறைத்தது:
அந்த சுவிட்சுக்கு ஒயர் ஒன்றுதான்,
இன்னொரு ஒயர் அதன் உடம்பு.
இரும்பை இரும்பு தொட்டால்தான் அதற்குப் பேச்சு.
நானோ கோடித்துணி போட்டுச் சுற்றி வைத்திருக்கிறேன்.

இருபது வருஷமாக எர்த்தைத் தேடியே சோறு தின்பவள் நான்.
யாரிடமும் சொல்லாதீர்கள்.

டேப்பை உரித்தேன். செப்பு வாஷர் போட்டேன்.
சாவி.
சிவப்பு.
'ஆயில் ஏறலை' என்கிற கெட்ட சேதிக்கு
மூன்று பேரும் கை தட்டினோம்.

பிளக்குகளைக் கழற்றிவிட்டு
டென்சில் ஸ்டார்ட்டரைச் சுழற்றவிட்டார்.
எட்டு, ஒன்பது, பத்து எண்ணும்போது
முள் அசைந்தது, விளக்கு போனது.

ராத்திரி பத்தேகாலுக்கு போன்.
"க்கா, மணிக்கூண்டு சிக்னல்ல நிக்கிறேன்.
கண்ணு சிமிட்டுது."
"லேசா ஆக்சிலேட்டர மிதி."
"போய்டுச்சு."
"அப்ப ஒண்ணுமில்ல. ஆயில் சூடு."
"ஒண்ணுமில்லாமலா எரியும்?"

கம்பெனியில் போடுவது ஏழு பவுண்டில் எரியும் சுவிட்ச்.
ஏழில் எரிந்தால் அது எச்சரிக்கை இல்லை,
எழவு சொல்ல வந்த ஆள்.
அதனால் இருபதில் எரிவதைப் போட்டேன்.
சூடேறிய இன்ஜின் சிக்னலில் நின்றால்
பதினெட்டுக்கு இறங்கும். எரியத்தான் எரியும்.

படுத்தும் தூக்கமில்லை.
மொட்டைமாடிக்கு நேரே, மணலிப் பக்கம்,
புகைபோக்கி உச்சியில் கொழுந்து ஆடிக்கொண்டிருந்தது,
என்றைக்கும் போல.
இந்தத் தெருவில் யார் அதை நிமிர்ந்து பார்க்கிறோம்?
இவன் விளக்கும் பத்து நாளில் அப்படி ஆகிவிடும்.
பதினோராம் நாள் நிஜமாகவே எரியும்.

காலையில் வந்து நின்றான்.
"ஏழு பவுண்டு சுவிட்சு ஒண்ணு இருக்காமே,
அது தொந்தரவே பண்ணாதாம்?"
"பண்ணாது," என்றேன்.
"கடைசி வரைக்கும் பண்ணாது."

பானெட்டைத் திறந்து
ஐட்லிங் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே விட்டேன்.
இன்ஜின் குரல் கொஞ்சம் தூக்கிப் பேசியது.
முள் இருபத்திரண்டில் நின்றது.
அவன் நம்பிய மாதிரி தெரியவில்லை.
அணைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தான்,
காசு கொடுத்தான், மிச்சம் வாங்க மறந்தான்.

கிளம்பும்போது
சாவியைப் பாதியில் நிறுத்தினான்.
சிவப்பு வந்தது.
ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொண்டு
அப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணினான்.