நாற்பது விநாடி

கதவைத் திறந்தபோதே கேட்டார்கள்:
"சத்தம் முழுசாகப் போய்விடுமா?"
"குறையும்" என்றேன்.
குறையும் என்பது எந்த மொழியிலும்
விற்பனைக்கு உதவாத சொல்.

ரௌன்ஹைம். ஃபிராங்ஃபர்ட் ஓடுபாதையின் நேர்கோட்டில்
கூரையோடுகளைக் கொக்கிபோட்டு மாட்டிவைத்த தெரு.
தாழ்ந்துவரும் விமானத்தின் வால்காற்று
ஓட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விடக்கூடாதே.
ஹெட்விக் காபி ஊற்றினாள்.
"உங்களுக்கு எந்த ஊ—"
குவளைகள் தட்டில் நடுங்கின.
திறந்த வாய் திறந்தபடி அவள் காத்திருந்தாள்,
ரயில்வே கேட்டில் சைக்கிளை ஊன்றி நிற்பவளைப்போல.
லோத்தரும் காத்திருந்தார்.
ஸ்க்ரூவைப் பாதியில் விட்டு
நானும் காத்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.
"—ர்?" என்றாள்.
"ஓசியெக்."

பழைய ஜன்னல் கையோடு வந்தது.
சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே
யாரோ திணித்த செய்தித்தாள்,
ஒரு குழந்தையின் காலுறை.
புதியதில் கண்ணாடி ஒன்று எட்டு மில்லி,
இன்னொன்று ஆறு.
ஒரே தடிமன் என்றால் இரண்டும்
ஒரே சுருதியில் அதிர்ந்து சத்தத்தை உள்ளே விட்டுவிடும்.
வேறுவேறாக இருந்தால்
ஒன்று கோட்டைவிட்டதை மற்றது பிடிக்கும்.
எல்லா வீட்டிலும் இதைச் சொல்வேன்.
எல்லா வீட்டிலும் கணவனும் மனைவியும்
ஒருவரையொருவர் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்.

எதிர்வரிசை வீடுகளுக்கு இது கிடையாது.
வரைபடத்தின் கோடு தெருவின் நட்டநடுவே போகிறது.
எதிர்வீட்டு நெவின் ஓஸ்கான் இரவுப்பணித் தாதி;
பகலில்தான் தூக்கம்.
இரவுச் சட்டையின்மேல் கோட்டு மாட்டிக்கொண்டு
என் வேனுக்கு வந்தாள்.
"அந்தக் கோடு விமானத்துக்குத் தெரியுமா?"
எனக்குத் தெரிந்ததெல்லாம் மேல்முறையீட்டுப் படிவம்.
ஒன்று கொடுத்தேன்.
அதை நான்காக மடித்துக் காதில் வைத்துக் காட்டினாள்.

வேலை முடிந்தது. கருவியை வைத்து அளந்தேன்.
முன்பு ஐம்பத்தெட்டு, இப்போது இருபத்தொன்பது.
கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றே வாரத்தில் அழைப்பு: கைப்பிடி ஆடுகிறதாம்.

லோத்தர் மட்டும் இருந்தார். கேட்காமலே சொன்னார்.
"முதல் நாள் ராத்திரி ஃபிரிட்ஜ் கேட்டது.
இரண்டாம் நாள் என் காதே கேட்டது,
உள்ளே ஒரு வண்டு.
மூன்றாம் நாள் ஹெட்விக் கேட்டாள்."
என்ன கேட்டாள் என்று சொல்லவில்லை.
"முப்பத்தோரு வருஷம், தம்பி.
எந்தச் சண்டைக்கும் நடுவில்
நாற்பது விநாடி எங்களுக்கு வந்துகொண்டிருந்தது.
அதற்குள் நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.
சொல்லவந்தது மறந்துபோச்சு என்பாள்.
நிஜமாக மறந்தாளா என்று
நான் விசாரித்ததில்லை."

மூன்று வாரத்தில் ஒரு கைப்பிடி இப்படித் தேயாது.
பத்து வருஷத்துத் திருகல் இருந்தது அதில்.
திறப்பது யார், சாத்துவது யார்?
உத்தரவாதத் தாளில்
அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.
உள்ளே இருந்த பல்சக்கரத்தை மாற்றினேன்.

கடைப்பையோடு ஹெட்விக் வந்தாள்.
ஈரக் குடையை மூலையில் சாய்த்தாள்.
என்னைப் பார்த்து, அவரைப் பார்க்காமல்,
"சாயங்காலமும் மழை வ—"
நிறுத்தினாள்.

ஒன்றுமே கேட்கவில்லை.
குவளைகள் அசையவில்லை.
கண்ணாடிக்கு வெளியே
சக்கரங்களைத் தொங்கவிட்டபடி
பெரிய வெள்ளை வயிறொன்று
மீன்தொட்டியில் போவதுபோல் போனது.
லோத்தர் காத்திருந்தார்.
ஸ்க்ரூ என் விரலிடுக்கில்.
அவள் கண் விமானத்தில் இல்லை.
தெருவுக்கு அப்பால், இழுத்துச் சாத்திய திரைக்கு முன்னால்
நெவினின் ஒற்றைக் கண்ணாடி
நடுங்கி நடுங்கி அடங்கும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"—ரும்போல" என்றாள்.