கண்ணாடி வரும்வரை

எஷ் நகரில், மூன்றாம் மாடியில்
பழைய சட்டத்தைப் பெயர்த்தாயிற்று.
சுவரில் ஓட்டை. கண்ணாடி லாரி இன்னும் வரவில்லை.

"ஜனெலா" என்றான் பெல்மீரோ, ரொட்டியைப் பிய்த்தபடி.
சின்னக் கதவாம். போர்ச்சுகலில்
ஆள் நுழையாவிட்டாலும் அது கதவின் பிள்ளைதான்.

டென்மார்க்காரன் டோர்க்கிலுக்குக் காற்றின் கண்.
கூரையில் புகை போக விட்ட துளைக்கு
என்றோ இட்ட பெயர், சுவருக்கு இறங்கி வந்திருக்கிறது.
போலந்துக்காரி யொலாந்தாவுக்கும் கண்தான்;
காற்றை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும்.

வாசற்கதவின் தலைமேல் கைக்குட்டை அகலத்தில் ஒரு திறப்பு.
பிரெஞ்சில் அதன் பெயர் வாஸிஸ்தாஸ்.
"இது என்ன?" என்று ஜெர்மனில் யாரோ கேட்டது
அப்படியே பெயராகிவிட்டதாம்.
பதில் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை போலும்.

நான் வாய் திறக்கவில்லை.
என் மொழியிலும் பெல்மீரோவின் சின்னக் கதவு
கப்பலில் வந்திறங்கி,
காலதரை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

படியேறி வந்தாள் கீழ்வீட்டு ஓதீல்,
மேல்கோட்டின் மேல் இன்னொரு மேல்கோட்டு.
"பெயர் எதுவானாலும் இருக்கட்டும்.
இருட்டுவதற்குள் அடைத்துவிடுங்கள்."