சாவி வாரம்

மேமியோவில் டிசம்பர்.
இருபத்துமூன்று பேர், எட்டு மொழி,
ஒரே சமையலறை.
சுவர் அட்டவணையில் என் பெயர் வந்தது:
இந்த வாரத் தலைவி, நேசமலர்.
சாவிக்கொத்து கழுத்தில் ஏறிய அன்று
அரை அங்குலம் வளர்ந்தேன்.

காலை வகுப்பில் சயாமா லூ ரா
பலகையில் பர்மியச் சொல் ஒன்றை எழுதினார்:
கௌங்சௌங்.
உங்கள் வீட்டு மொழியில் என்ன சொல்வீர்கள்?
ஒவ்வொருவராகச் சொல்லி என் முறை வந்தது.
தலைவர் என்று சொல்லியிருக்கலாம்.
நாக்கு அதைப் பிய்த்துப் பெயர்த்துவிட்டது:
கௌங், தலை. சௌங், சுமப்பது.
தலைச்சுமை என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை, தமிழ் தெரிந்தால்தானே.
எனக்கு மட்டும் தலா படகுத்துறை தெரிந்தது,
அரிசி மூட்டைக்குக் கீழே அப்பா.
சும்மாடு நழுவினால் கைவைக்க மாட்டார்,
கழுத்தாலேயே சரிசெய்வார்.
அதை நான் குறித்துக்கொள்ளவில்லை.
தரிசனம், இலக்கு, பொறுப்பு என்று
சயாமா சொன்னதைத்தான் எழுதினேன்
மூன்று நிற மையில்.

வியாழக்கிழமை
கால் கழுவும் ஆராதனை.
எல்லோரும் முன்கூட்டியே
சோப்புப் போட்டுக் காலைக் கழுவிக்கொண்டு போனோம்.

கிறிஸ்துமஸ் கேக்குக்கென்று
சபை கொடுத்த முட்டை அறுபது.
அன்றிரவு மின்சாரம் இல்லை.
மெழுகுவத்தியில் எண்ணினேன், நாற்பத்தெட்டு.
மறுபடி எண்ணினேன்.
மெழுகு கையில் சொட்டியது, எண் மாறவில்லை.

கடைசியாகச் சமையலறையில் இருந்தவள்
நா ஏ போ.
பாப்புன் மலைக்காரி, கரேன்.
பர்மிய மொழி அவளுக்குக் கல் மிதித்து நடப்பதுபோல.
பெயர் சொல்லிக் கேட்டிருந்தால்
இல்லை என்றாவது சொல்லியிருப்பாள்.
நான் பக்தியுள்ளவள்.
ஜெபத்தில் வைத்தேன்:
ஆண்டவரே, எடுத்தவர் யாரென்று நீர் அறிவீர்,
அந்த இருதயத்தைத் தொடும்.
இருபத்திரண்டு பேர் கண்ணை மூடியபடியே
அவள் பக்கம் திரும்பினார்கள்.
எல்லோரும் ஆமென் சொன்னோம்.
அவளும் சொன்னாள்.

சனிக்கிழமை அரிசி அளந்தேன்.
பீப்பாய்க்குள் டப்பா எதிலோ இடித்தது.
மஞ்சள்கரு அரிசியில் மெல்லப் படர்ந்தது.
கீழே இன்னும் பதினொன்று.
எலிக்கும் உடைசலுக்கும் பயந்து
திங்கட்கிழமை நானே புதைத்தவை.

பார்த்தவர் யாருமில்லை.
தட்டில் அடுக்கிவிட்டு
தொடப்பட்ட இருதயம் திருப்பிக் கொடுத்தது என்று
சாட்சி சொல்லலாம்.
பத்து நிமிடம் அதை யோசித்தேன்.
பத்துதானா, எனக்கே சந்தேகம்.

மன்னிப்பு கேட்க அவள் மொழியில் சொல் வேண்டும்.
சா தூ வாவிடம் போனேன்.
எதற்கு என்றான்.
சொல்ல வேண்டியதாயிற்று.
இரவுச் சாப்பாட்டுக்குள்
உப்பு முதல் ஊறுகாய் வரை அறிந்துவிட்டது.

தண்ணீர்த் தொட்டியருகே அவளிடம் சொன்னேன்.
ஏற்ற இறக்கம் பிசகி
வேறெதையோ சொல்லியிருக்க வேண்டும்,
சிரித்துவிட்டாள்.
பிறகு சிரிப்பை நிறுத்தி
உடைந்த பர்மிய மொழியில் சொன்னாள்:
என் ஆமென். அதைத் திருப்பிக் கொடு.

ஒன்பது மாதப் பாடத்தில்
அதற்கு வழி எதுவும் சொல்லித்தரப்படவில்லை.
வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
குளிர் விரலைக் கடித்தது.

ஞாயிறு காலை
அட்டவணையில் அடுத்த பெயர் அவளுடையது.
சாவியை வாங்குமுன்
முட்டைகளை வெயிலுக்குக் கொண்டுவரச் சொன்னாள்.
அவள் கரேனில் எண்ணினாள்,
நான் தமிழில்.
ஐம்பத்தொன்பதில் இருவரும் நின்றோம்.

ஒன்று? என்றாள்.
உடைத்தது நான் என்றேன்.

ஏட்டில் அப்படியே எழுதினாள், என் பெயரோடு.
கொத்தைக் கழுத்தில் போடவில்லை.
லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு
தண்ணீர் தூக்கப் போனாள்.