மூன்றாம் வளைவில் ஒரு கை

பேய் வீட்டில் எனக்குக் கை வேலை.
முகம் கிடையாது, வசனம் கிடையாது.
மூன்றாம் வளைவில், கறுப்புத் துணிக்குப் பின்னால்,
ஓரடிக்கு ஓரடி ஒரு ஓட்டை.
வண்டிச் சத்தம் தண்டவாளத்தில் ஏறும்போது
விரல்களை வாளியில் நனைத்து
வெளியே நீட்ட வேண்டும். அவ்வளவுதான்.
மாதம் ஆயிரத்து அறுநூறு, மதியம் தயிர்சாதம்.

முகத்தைத் தொடாதே, நெஞ்சுவலிக்காரர்கள் வருவார்கள்
என்றார் மேனேஜர்.
அதனால் கால்.

சேலத்தில் கால் என்றால் கொலுசு.
பின்னல் கம்பி, முத்து வைத்தது,
அடகுக்குப் போய் வந்து கொக்கி மாற்றியது,
புது மருமகளின் கனம்.
கத்துவதற்கு முன் அரை நொடி
எல்லாக் கால்களும் கல்லாகும்.
ஒற்றைக் காலில் மட்டும் கொலுசு போட்ட ஒருத்தி வந்தாள்.
அவள் கத்தவே இல்லை.
இன்னொன்றை யாருக்குக் கொடுத்தாளோ.

வெளியே எரிமலை.
ஏற்காட்டு மலைக்கு எதிரே, அதன் முகத்துக்கு நேரே
வெள்ளைக்கல்லை அடுக்கிச் சிவப்புப் பூசி ஒரு எரிமலை!
நாலு மணிக்கு ஒருதரம், ஆறரைக்கு ஒருதரம் வெடிக்கும்.
வயிற்றுக்குள் உட்கார்ந்து இருசப்பன்
ஈரச் சாக்கைக் கொளுத்துவார்.
கரண்ட் போனால் எரிமலை மனுசக் குரலில் இருமும்.
சனங்கள் அதற்கும் கை தட்டினார்கள்.
பின்னால் நிஜ மலை
மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்திருக்கும்.

குட்டி ரயிலுக்கு 'இருபது வளைவு' என்று பெயர்.
இருந்தது பதினொன்று.
பிள்ளைகள் எண்ணுவார்கள் என்பதால்
கடைசி வளைவுகளையே சுற்றிச் சுற்றி
இருபதாக்கிக் கொண்டுவந்து இறக்குவார்கள்.

மேட்டூர் வறண்ட வருஷம்
மழை நடனம் ஆரம்பித்தார்கள்.
சனிக்கிழமைக்கு மூன்று லாரித் தண்ணீர்.
பாட்டு, கலர் விளக்கு, தகரக் குழாயிலிருந்து மழை.
இரண்டாவது வாரம்
கன்னங்குறிச்சிப் பெண்கள் பதினாறு பேர்
இடுப்பில் குடத்தோடு வரிசையில் நின்றார்கள்.
குடத்துக்கு டிக்கெட் உண்டா?
கவுன்டரில் ஜுபைதா கொஞ்சம் யோசித்து
சிறுவர் கட்டணம் கிழித்தாள்.

பாட்டு போட்டார்கள். யாரும் ஆடவில்லை.
பச்சை விளக்கிலும் ஊதா விளக்கிலும்
குடங்கள் வாய் திறந்து நின்றன.
முதல் குடம் நிரம்பிய சத்தம்
பேய் வீட்டுக்குள் எனக்கே கேட்டது.
கால் மணி நேரம் கூடுதலாக
வால்வை மூட மறந்தார் இருசப்பன்.
திங்கட்கிழமை அவர் வரவில்லை.
எரிமலைக்கு வேறு ஆள். புகையே சரியில்லை.

அந்த மாதம்தான் என்று நினைக்கிறேன்,
நீட்டிய கையில் யாரோ எதையோ வைத்தார்கள்.
சின்ன விரல்கள், கடித்த நகம்.
"பேய் சாப்பிடுமாப்பா?"
குரல் நாலாம் வளைவுக்குள் போய்விட்டது.
தட்டுவடை செட்.
பீட்ரூட் துருவல் மணிக்கட்டில் வழிந்தது.
அடுத்த வண்டிக்கு நான் கை நீட்டவில்லை,
மென்றுகொண்டிருந்தேன்.
ஏமாந்து போன அந்த நாலு பேருக்கு
இருபது வருஷம் கழித்து ஒரு மன்னிப்பு.

பிறகு மூடிவிட்டார்கள்.
ராட்டினத்தைச் செவ்வாய்ப்பேட்டைக்காரர் எடை போட்டு எடுத்தார்.
பேய்கள் பைபர், எடைக்கு ஆகாது என்று விட்டுப் போனார்.
மழைக்காலம் முழுக்க அவை வேலியோரம்
ஆடு மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இப்போது அங்கே மனைகள்.
எரிமலை, கார்னர் பிளாட்; விலை கூடுதல்.
மினி பஸ் அந்தத் திருப்பத்தில் மெதுவாகும்.
நேற்று, பதினேழாம் எண் வீட்டில்,
என் கணக்குப்படி மூன்றாம் வளைவு இருந்த இடத்தில்,
சமையலறைச் சன்னல் வழியாக
அரிசி களைந்த ஈரக் கை ஒன்று
வெளியே நீண்டு உதறியது.

பஸ்ஸுக்குள், ஓரச் சீட்டில்,
சட்டென்று காலை இழுத்துக்கொண்டேன்.