சொத்தைப் பல்

லோவெல் நகரில் டிசம்பர்ப் பனி
முழங்கால் மட்டத்துக்கு.
மெரிமாக் ஆறு ஓரமெல்லாம் உறைந்திருந்த காலையில்
டாக்டர் கலோயெராஸின் சாய்வு நாற்காலியில்
வாய் பிளந்து கிடந்தேன்.
இடது கடைவாயில் சொத்தை.

ஜன்னல் விளிம்பில் வானொலி.
நிலவைச் சுற்றிவிட்டு மூன்று பேர்
திரும்பிக்கொண்டிருக்கிறார்களாம்.

"என்ன வேலை பார்க்கிறீர்கள், மிஸஸ் தெரியோ?"
கேள்வி கேட்பதற்கென்றே
பல் டாக்டர்கள் முதலில்
வாயில் பஞ்சைத் திணித்துவிடுகிறார்கள்.

உங்கள் வேலைதான், டாக்டர்.

தேனடை மாதிரி ஓர் அடை,
கண்ணாடி இழையில் செய்தது.
மூன்றரை லட்சத்துக்கும் மேலே அறைகள்,
ஒவ்வொன்றிலும் என் சுண்டுவிரல் நகம் நுழையும்.
துப்பாக்கி மாதிரி ஒன்றின் மூக்கை
அடிவரைக்கும் விட்டு விசையை அழுத்தினால்
சூடான பசை மெல்ல மேலேறி வரும்.
அவசரப்பட்டால் காற்று உள்ளேயே தங்கிவிடும்.
ஒன்று. அடுத்தது. அடுத்தது.
பக்கத்தில் யாட்விகா,
பஞ்சாலையில் பதினைந்து வருடம்
அறுந்த இழையை முடிந்த கை.
கையும் வேகம், வாயும் வேகம்.

இரவில் எக்ஸ்ரே எடுப்பார்கள்.
காலையில் மேற்பார்வையாளர்
சிவப்பு மை சுழித்த படத்தோடு நிற்பார்:
ஒரே ஓர் அறை, உள்ளே கடுகளவு குமிழி.
இப்போது கையில் பிடித்திருக்கிறீர்களே,
அதே துளைக்கருவி, அதே சத்தம்.
குடைந்தெடுத்து மறுபடி நிரப்புவேன்.

எரிந்துபோகத்தானே போகிறது என்று
முதல் வாரமே கேட்டுவிட்டேன்.
அதற்காகத்தான் என்றார்.
அட்டைப்பெட்டி மூடியில் வரைந்து காட்டினார்:
நொடிக்குப் பதினொரு கிலோமீட்டர்.
விலக நேரமில்லாமல் நசுங்கிய காற்று
தானே தீயாகிவிடுகிறது.
இது அந்தத் தீயை மறிக்கும் சுவர் இல்லை.
மேல்தோல் கருகும். கருகும்போது ஆவி விடும்.
ஆவி தீயைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தும்.
கரி, சூட்டையும் எடுத்துக்கொண்டு உதிரும்.
அடுத்த தோல் கருகும்.
இப்படித் துளித்துளியாகத் தோற்று
நேரத்தைச் சம்பாதிக்கும்.
அந்தப் பக்கம் இரண்டாயிரத்து எழுநூறு டிகிரி.
இந்தப் பக்கம் ஒருவர் நிம்மதியாகத் தும்மலாம்.

இத்தனையும் சொல்ல
"ஆ... ஆ..." என்றேன்.
"வலிக்கிறதா?" என்றார்.

வானொலி சொன்னது:
இனிச் சில நிமிடம் அவர்கள் பேச்சு கேட்காது.
கலத்தைச் சுற்றி நெருப்பு உறை,
அதைத் தாண்டி ஒரு சொல்லும் வராது.

டாக்டர் துளைப்பதை நிறுத்தினார்.
வெளியறையில் யாரோ பத்திரிகையை மூடினார்கள்.
பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திரு என்பார்கள்.
எனக்கு அதற்கும் வழியில்லை.

பத்தாயிரத்துச் சொச்சம் அறைகள் என் கைப்பட்டவை.
எதை நினைப்பது?
மார்ச் மாதம், ஒரு செவ்வாய்,
ரெனேவுக்குக் காய்ச்சலென்று
ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு வந்து
நிரப்பிய வரிசை நினைவுக்கு வந்தது.
எக்ஸ்ரே சரி என்றுதான் சொல்லிற்று.
எக்ஸ்ரேக்கு என்ன தெரியும்.

ஒரு நிமிடம்.
சுவரோரம் வெந்நீர்க் குழாய் தட்டியது.
இரண்டு.
எச்சில் வழிந்து கழுத்துக்குப் போனது.
மூன்று.
எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இரைச்சல்.
இரைச்சலுக்குள் இன்னொரு இரைச்சல்,
அது ஒரு மனிதக் குரல்,
ஏதோ எண்ணைச் சொல்லிற்று.
அவ்வளவு அழகான எண்ணை நான் கேட்டதில்லை.
எந்த எண் என்று மறந்தும் போயிற்று.

"இன்னொரு ஊசி போடட்டுமா?"
டாக்டர் என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.
வேண்டாமென்று தலையாட்டினேன்.

நாளை பத்திரிகையில் படம் வரும்.
மூன்று பேர் சிரிப்பார்கள்.
ஓரத்தில் கலம், அடிப்பாகம் கரிக்கட்டையாக.
யாட்விகா அதை வெட்டி எடுத்து வந்து
நம் முகத்தில் விழவேண்டிய கரியை
அது பூசிக்கொண்டு வந்துவிட்டது என்பாள்.

பஞ்சை வெளியே எடுத்தார்.
"என்னவோ சொல்ல வந்தீர்களே?"

நாக்கு நுனியால் குழியைத் தொட்டுப் பார்த்தேன்.
சுத்தமாகக் குடைந்திருந்தார்.

"அடியிலிருந்து நிரப்புங்கள்" என்றேன்.
"எனக்கு ஒன்றும் அவசரமில்லை."