கூரை என் பேரில்

என் அக்கா மார்லிஸின் உரிமத்துக்கு
வால்நட் மரத்தில் சட்டம் செய்து
மருத்துவமனை வரவேற்பறையில் மாட்டியவன் நான்.
அதுவரை எனக்குத் தெரிந்த சட்டம்
அது ஒன்றுதான்.

மற்றச் சட்டத்தைப் பிப்ரவரியில்,
வன்பொருள் கடைக்கு மேல்மாடியில்
ஹீட்டர் இருமிக்கொண்டிருந்த அறையில்
வழக்கறிஞர் ஹேட்லி குசேரா சொன்னாள்.

"தனி ஆளாக நடத்தினால்
நீயும் தொழிலும் ஒன்று.
யாரோ ஒருவரின் ரோடியோ குதிரை மேசையில் செத்தால்
உன் வீடு, உன் டிரக்,
உன் அம்மாவின் பியானோ வரைக்கும் கை நீளும்.
கூட்டாக நடத்தினால்
கூட்டாளியின் தப்பும் உன் தலையில்.
கம்பெனி ஆக்கினால்
காகிதத்தில் ஒரு புது ஆள் பிறப்பான்.
கடன் வாங்குவான், வழக்கில் நிற்பான்,
தூங்க மாட்டான், சாக மாட்டான்,
கணக்கை மட்டும் நேரத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்."

மார்லிஸ் கேட்டாள்:
"அவனுக்குக் கன்று இழுக்கத் தெரியுமா?"

தெரியாது. அங்கேதான் சிக்கல்.
உரிமம் கேட்கும் தொழிலுக்கு
இந்த மாநிலத்தில் தனி வகைக் கம்பெனி.
பொறுப்புக்கு வரம்பு உண்டு.
லூப் ஆற்றோரம் நாங்கள் போட்ட
மண்வரம்பு மாதிரி.
ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும்,
நாமே வெட்டிவிட்ட தண்ணீரைத் தடுக்காது.
கை தவறினால், தவறியது உன் கைதான்.

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி,
என்னைப் பார்க்காமல்,
"பங்கு, உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும்" என்றாள்.

எக்ஸ்ரே இயந்திரத்துக்காக
நான் விற்ற நாற்பத்தோரு பசுக்களும்
அந்த அறைக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது.
காதில் எண் போட்டிருந்தோம்.
சில எண்கள் இன்னும் மனப்பாடம்.
இரண்டு வருஷம் தொலைபேசி எடுத்தேன்,
மருந்து எண்ணினேன்,
வெறும் கழுத்துப்பட்டையோடு வெளியே வந்தவர்களுக்குக்
காபி ஊற்றிக் கொடுத்தேன்.
சம்பளம் வாங்கலாமாம்.

"நான் செத்துப்போனால்?" என்றாள் மார்லிஸ்.
"உன் பங்கு இன்னொரு கால்நடை மருத்துவருக்கு.
ஆரினுக்கு அதன் விலை போகும்,
அது போகாது."

எங்கள் அப்பா நிலத்தைப் பிரித்தபோது
ஒரு பகல் முழுக்கப் பேசினார்.
இதற்கு இருபது நிமிஷம்.
அதற்கும் பில் வந்தது.

திரும்பும் வழியில்
"கோபமா?" என்றாள்.
"இல்லை."
"பொய்."
"ஆமாம்."
அப்புறம் பதினெட்டு மைல்
வைப்பர் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

மார்ச்சில் குசேரா
இன்னொரு காகிதம் வரைந்தாள்.
கட்டடத்துக்குத் தனிக் கம்பெனி.
அதற்கு உரிமம் வேண்டாம்,
செங்கல் யார் பேரிலும் இருக்கலாம்.
கூரை, தொழுவம், இரும்புக் கதவு,
தண்ணீர் ஒழுகும் மேற்கு மூலை
எல்லாம் என் பேரில்.
கத்தி, ஊசி, பெயர்ப்பலகை அவள் பேரில்.
எக்ஸ்ரே, என்னிடம் பட்ட கடன் என்று
கையெழுத்தாகி இருக்கிறது.

மாதம் ஒன்றாம் தேதி
அக்கா எனக்கு வாடகை கொடுக்கிறாள்.
முதல் தடவை
இருவருமே எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
காசோலையைப் பார்த்தோம்.
ரசீது தவறாமல் எழுதவேண்டும்.
தவறினால் சட்டம் எங்களை
ஒரே ஆள் என்று முடிவுகட்டிவிடுமாம்.
ஐம்பது வருஷம் அப்படித்தானே இருந்தோம்.

நேற்று இரவு இரண்டு மணிக்கு
கோலெக்கியின் கிடேரிக்குக்
கன்று குறுக்கே கிடந்தது.
பக்கவாட்டில் பனி.
நான் விளக்குப் பிடித்தேன்,
அவள் தோள்வரை உள்ளே.
"சங்கிலி" என்றாள். கொடுத்தேன்.
"இழு" என்றாள்.
விளக்கைச் சாக்கின்மேல் வைத்துவிட்டு இழுத்தேன்.
உரிமம் இருக்கிறதா என்று
கிடேரி கேட்கவில்லை,
கோலெக்கியும் கேட்கவில்லை.

காலையில் பில் போட்டேன்,
கம்பெனி பேரில், அவள் நேரத்துக்கு.
விளக்குக்கு ஒன்றும் போடவில்லை.