ஏழாவது கேள்வி

சர்க்கரை ஆலையில் பதினாறு வருடம்
அடுத்தவர் கணக்கைக் கூட்டிக் கழித்தவள் நான்.
கடலையும் அப்படித்தான் தொடங்கினேன்:
கோடு போட்ட நோட்டு, பென்சில்,
ஒரு பக்கம் ஊர், ஒரு பக்கம் செலவு,
நடுவில் யாருக்கு என்ன பயம்.

மாலபாஸ்குவாவில் விடியலில் சுறா வருமாம்,
அரிவாளாய் வால் நீண்ட சுறா.
அது வரும் ஆழத்துக்கு
பன்னிரண்டு வயது அமிஹானை யார் விடுவார்?
அடித்தேன்.
மோல்போலில் மத்திக் கூட்டம் சூரியனையே மறைக்குமாம்.
"இருட்டாயிடுமா அம்மா?" என்றான் இன்யிகோ.
அதையும் அடித்தேன், லேசாக,
மனசு மாறினால் படிக்கிற மாதிரி.
ஆப்போ தீவில் ஆமைகள். நீரோட்டமும்.
கிறிசாந்தோ நீரோட்டத்தோடும் வாதாடுவார்,
என்னோடு வாதாடியது போதாதென்று.

மிஞ்சியது டாவின்.
கறுப்பு மணல். கரையிலிருந்தே இறங்கலாம்.
பாகோலோடிலிருந்து மலை தாண்டிப் பேருந்து,
பிறகு ஜீப்னி, பிறகு நடை.

முதல் கடைக்காரர்
நான் பேர் சொல்லும் முன்னே விலை சொன்னார்.
நாலு பேர் வந்தால் ஐந்தாவது ஆள் இலவசமாம்.
ஐந்தாவது ஆளுக்கு நான் எங்கே போவேன்?
இரண்டாம் கடையில் படங்கள் அழகு.
"ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்?" என்றேன்.
"அன்னைக்குப் பார்த்துக்கலாம்."
பார்த்துக்கலாம் என்பதற்கு
என் நோட்டில் கட்டம் இல்லை.

மூன்றாவது, நெனிட்டா சுமல்போங்.
போனில் பின்னால் ஒரு சேவல், இருமுகிற கம்ப்ரெசர்.
விலையை விட்டுவிட்டு அவள் கேட்டாள்:
பெண்ணுக்குக் காது வலித்ததுண்டா,
பையன் தண்ணீரில் முகம் வைப்பானா,
கணவர் புகைப்பாரா.
"விட்டுவிட்டதாகச் சொல்கிறார்" என்றேன்.
அந்தப் பக்கம் சிரிப்பு.

நேரில் போய் நானும் கேட்டேன்.
ஆக்சிஜன் பெட்டி எங்கே? திறந்து காட்டினாள்,
உள்ளே குழாய் நிஜமாகவே இருந்தது.
சிலிண்டர் வால்வைத் திருகி முகர்ந்தேன்.
எண்ணெய் வாசமில்லை. எந்த வாசமுமில்லை.
வாசமே இல்லாத ஒன்றுக்கு
இவ்வளவு காசு கொடுப்பது அதுதான் முதல் தடவை.

அப்புறம் மருத்துவப் படிவம்.
இல்லை, இல்லை, இல்லை என்று
நாலு தாளிலும் ஓடிய பென்சில்
என் தாளில், ஏழாவது கேள்வியில் நின்றது.
கரும்புத் தோகை எரிக்கும் மாதங்களில்
என் நெஞ்சுக்குள் ஒரு விசில் கேட்கும்.
கைப்பையில் நீல இன்ஹேலர்.
யாருக்குத் தெரியப்போகிறது?
கணக்கருக்குத் தெரியும்.

ஆம்.

நெனிட்டா படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.
"டாக்டர் கடிதம் இருக்கா?"
இல்லை.
"அப்போ இன்னைக்கு நீங்க இறங்க வேண்டாம், மேடம்."
என் பங்கை எண்ணித் திருப்பி வைத்தாள்,
நோட்டுகளின் முகமெல்லாம் ஒரே பக்கம் பார்க்க.

கோபம் வந்தது. வராதா?
மூன்று மாதம் சல்லடை போட்டுச் சலித்து
என்னை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒருத்தியை
நானே பொறுக்கி எடுத்திருக்கிறேன்.

அவர்கள் பின்புறமாகவே நடந்து
துடுப்புக் காலோடு கடலுக்குள் போனார்கள்,
அரசசபையிலிருந்து விடைபெறுகிறவர்கள் போல.
மணல் சுட்டது. சிலிண்டர் சுமக்கும் பெர்ட்டோ
அவித்த வாழைப்பழம் ஒன்று நீட்டினார்.
கையில் பிடித்தபடி குமிழிகளை எண்ணினேன்.
சின்னதாய், அவசரமாய் வருவது இன்யிகோ.
நீளமாய், வாதம் போல வருவது கிறிசாந்தோ.
நெனிட்டாவுடையது கடிகாரம்.
அமிஹானுடையது எது?
நாலு கொத்து. மூன்று. காற்று கலைத்தது. நாலு.
எத்தனை முறை கூட்டினாலும் விடை மாறும் கணக்கை
அன்றுதான் பார்த்தேன்.

நாற்பது நிமிஷம் கழித்து முதலில் தலை தூக்கியவன் இன்யிகோ.
இருட்டைப் பற்றி ஒரு பேச்சில்லை.
"கல்லு மாதிரி ஒரு மீன் அம்மா,
கோபத்தில் அப்பா உட்காருவாரே, அப்படியே!"
அவன் அப்பா பின்னால் இருமிக்கொண்டே வந்தார்.
விட்டுவிட்டதாகச் சொன்னவர்.

நோட்டைத் திறந்து
திரும்பிய பணத்தை வரவில் எழுதினேன்.
எந்தத் தலைப்பின் கீழ் என்று மட்டும்
இன்னும் எழுதவில்லை.